ஆற்றுப்படையும் தொலைபேசிக் கம்பியும்

சங்க இலக்கியம் கற்பிப்பவர்கள் கணினி வலையமைப்பைப் பற்றி எழுதுவானேன் என்று வாசக அன்பர்கள் சிலர் வியக்கக்கூடும். ரவுட்டர் என்னும் கருவிக்குத் தமிழில் திசைவி, வழிப்படுத்தி, வழிச்செயலி எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. எந்தப் பெயரால் அழைத்தாலும் எங்களுக்கு அக்கருவியைக் காணுந்தோறும் நினைவுக்கு வருவது பத்துப்பாட்டில் சரிபாதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஐந்து ஆற்றுப்படை நூல்களே. ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்பி வருகின்ற ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனிடம், இவ்வழியே போ, இன்ன ஊர் வரும், அங்கே இன்ன உணவு கிடைக்கும், அதற்கப்பால் நீ தேடும் வள்ளல் இருக்கிறான் என்று கூறி அனுப்புவது அந்நூல்களின் பொது அமைப்பு.

அவ்வைந்தில் இரண்டு எங்கள் பக்கத்தைச் சேர்ந்தவை என்பதில் எங்களுக்குச் சற்றுப் பெருமிதமும் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியின் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளால் ஆனது. அதில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகமும், இரவில் கலங்களை அழைக்கும் விளக்கு எரிகின்ற உயர்ந்த மாடமும் வருகின்றன. அத்துறைமுகம் மாமல்லபுரமே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. மற்றொன்று, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய 269 அடிச் சிறுபாணாற்றுப்படை. அதன் ஆசிரியர் நத்தத்தனாரின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இடைக்கழிநாடு இன்றும் செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்கடற்கரையில் அதே பெயரோடு இருக்கிறது.

ஆற்றுப்படுத்துபவனிடம் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவன் போனவன் மட்டுமல்லன், திரும்பியவன். போகும் வழி திறந்திருக்கிறது என்பதற்கு அவன் திரும்பி வந்து நிற்பதே சான்று. இந்த எளிய செய்தியை வகுப்பில் பலமுறை கேட்டிருந்தும், அதன் முழுப்பொருளை நாங்கள் விளங்கிக்கொண்டது 2005 ஜனவரியில், கடற்கரைப் பள்ளியொன்றில், தொலைபேசிக் கம்பியால் இணைக்கப்பட்ட இரண்டு பழைய ரவுட்டர்களுக்கு நடுவே அல்லாடியபோதுதான்.

அதைச் சொல்வதற்கு முன், டயல்-அப் என்பதை அறியாத இளைய வாசகர்களுக்காகச் சில சொற்கள். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. வீட்டுக்கு வரும் தொலைபேசிக் கம்பியே அன்று இணையத்துக்கும் வழி. அக்கம்பி மனிதக் குரலுக்காக அமைந்தது. ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மட்டுமே தொலைபேசி வலை கடத்தும். கணினியின் எண்களை அந்த இடைவெளிக்குள் அடங்கும் ஒலிகளாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் மீண்டும் எண்களாக்குவது மோடத்தின் வேலை. அழைப்பின் தொடக்கத்தில் கேட்கும் அந்தக் கீச்சொலியைப் பலர் வெற்று இரைச்சல் என்று எண்ணியிருப்பார்கள். உண்மையில் அது ஒரு விசாரணை. இரு மோடங்களும் பல சுருதிகளில் ஒலி எழுப்பிக் கம்பியின் தன்மையை அளந்து, எந்த வேகத்தில் பேசலாம் என்று தங்களுக்குள் முடிவு செய்யும். மனிதர் பேசும்போது எதிரொலி கேட்காதிருக்கத் தொலைபேசி வலை வைத்திருக்கும் எதிரொலி அடக்கியை, 2100 ஹெர்ட்ஸ் சுருதி ஒன்றை எழுப்பி விலகி நிற்கச் சொல்வதும் அந்த இரைச்சலுக்குள்தான் நடக்கும். 1996 அளவில் நொடிக்கு 33.6 கிலோபிட் வேகமும், 1998-இல் 56 கிலோபிட் வேகமும் தரமாக்கப்பட்டன. இவை உச்ச அளவுகள். கடற்கரைக் கம்பிகளில் அவற்றை எட்டுவது அரிது.

2004 டிசம்பர் 26-இல் கடல் ஊருக்குள் வந்ததைப் பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் வரையிலான கரையோரக் குப்பங்களில் உயிர்களோடும் படகுகளோடும் வலைகளோடும் தகரப் பெட்டிகளும் போயின. அப்பெட்டிகளுக்குள் குடும்ப அட்டைகளும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களும், சாதிச் சான்றிதழ்களும் இருந்தன. பொதுத்தேர்வுகளுக்கு இரண்டு மாதங்களே எஞ்சியிருந்தன. நாங்கள் மூவரும் அப்போது செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் முதுகலைத் தமிழ் பயின்றுகொண்டிருந்தோம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியே கடற்கரைப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பப்பட்டோம். சான்றிதழ்களை இழந்த பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள், படித்த பள்ளி, பதிவெண் ஆகியவற்றைக் கேட்டு எழுதுவது எங்கள் பணி.

கையால் எழுதிய முதல் பட்டியல் எங்களுக்கு முன்பே ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தது. அதற்கு எந்தப் பதிலும் வரவில்லை. ஆகவே இம்முறை பட்டியலைக் கல்லூரிக் கணினியில் வைத்துக்கொள்வது என்றும், அங்கே பேராசிரியர்கள் பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டுச் சந்தேகங்களை அன்றன்றே எங்களுக்குத் திருப்பி அனுப்புவது என்றும் ஏற்பாடாயிற்று. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். பேருந்தில் ஒருவரை அனுப்பிவிடலாமே என்று தோன்றும். ஒருமுறை அனுப்புவதானால் அது போதும். ஒரு பெயரின் முன்னெழுத்துக்காகவும், ஒரு பதிவெண்ணின் கடைசி இலக்கத்துக்காகவும் நாளொன்றுக்குப் பலமுறை போய் வருவதற்குப் பேருந்து உதவாது.

சென்னையிலிருந்து வந்த தன்னார்வலர் ஒருவர், மூடப்பட்ட ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து பெற்ற இரண்டு ரவுட்டர்களையும் இரண்டு வெளிமோடங்களையும் கொண்டுவந்தார். ஒன்று பள்ளியில், மற்றொன்று கல்லூரியில். பள்ளி ரவுட்டர் கல்லூரியின் தொலைபேசி எண்ணை அழைக்க வேண்டும், அங்குள்ள ரவுட்டர் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கத்தில் குறிப்புகள் எழுதிக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே அவர் கடலூருக்குப் புறப்பட்டுவிட்டார். அங்கே இதைவிடப் பெரிய வேலைகள் காத்திருந்தன.

முதற்சிக்கல் கம்பியிலேயே இருந்தது. பள்ளித் தொலைபேசியில் பேச முடிந்தது. ஆனால் பின்னணியில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவது போன்ற ஓசை. மனிதக் காது இதைப் பொருட்படுத்தாது. விட்டுப்போன ஓர் அசையை அறிவு தானே நிரப்பிக்கொள்ளும். மோடத்துக்கு அந்தக் கொடை இல்லை. அது மூன்று முறை அழைத்தது, மூன்று முறையும் பாதிக் கீச்சிலேயே விழுந்தது. ஊரெங்கும் கம்பிகளைப் பார்த்துக்கொண்டு வந்த லைன்மேன் ஒருவர், கம்பத்தின் டி.பி. பெட்டியைத் திறந்து காட்டினார். செம்புக் கம்பிகளின் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தது.

"உப்புத் தண்ணி உள்ள பூந்துட்டுப் போயிருக்கு தம்பி. பேச்சு வரும். உங்க மிஷின் பேசாது" என்றார்.

"இத மாத்தினா போதுமாண்ணே?"

"இங்க மாத்துறேன். மண்ணுக்கடியில எத்தன ஜாயின்ட் இருக்கோ, அது கடலுக்குத்தான் வெளிச்சம்."

அவர் கம்பிகளை வெட்டி, புதிதாகச் சீவி, முறுக்கிக் கொடுத்தார். பள்ளிக்குள் தலைமையாசிரியர் அறைக்கு இணையாக ஓடிய இன்னொரு தொலைபேசியையும் கழற்றச் சொன்னார். எவரேனும் அதன் ஒலிவாங்கியை எடுத்தால் மோடத்தின் பேச்சு அந்த நொடியே அறுந்துவிடும். பொரியும் ஓசை பெரிதும் அடங்கியது.

இரண்டாவது சிக்கல் வேகம். மோடங்கள் இப்போது நொடிக்கு 28.8 கிலோபிட் வேகத்தில் இணைந்தன, ஆனால் நான்கைந்து நிமிடங்களில் அறுந்தன. காற்றும் ஈரமும் மாறும்போதெல்லாம் கம்பியின் இரைச்சல் கூடியது. மோடங்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்து, மீண்டும் அளந்து, இறுதியில் கைவிட்டன. தன்னார்வலரின் குறிப்பில் இதற்கு வழி இருந்தது: உச்ச வேகத்தை நாமே 14.4-க்குக் கட்டிவிடுவது. அவ்வாறே செய்தோம். பாதி வேகம், ஆனால் ஒரு மணி நேரம் அறாமல் நின்றது. எழுத்துகளாலான பட்டியலுக்கு அது தாராளம்.

மூன்றாவது கட்டம் இரு கருவிகளின் அறிமுகம். மோடங்கள் இணைந்த பிறகு ரவுட்டர்கள் பி.பி.பி. என்னும் நெறிமுறையின்படி பேசத் தொடங்கும். அதன் ஒழுங்கு எங்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. முதலில் இணைப்பின் விதிகளை ஒப்புக்கொள்வது, அடுத்துப் பெயரும் கடவுச்சொல்லும் சொல்லி இன்னார் என்று மெய்ப்பிப்பது, அதன் பின்னரே முகவரிகளைப் பரிமாறிக்கொள்வது. திண்ணையில் அமர்ந்து ஊரும் உறவும் விசாரித்தபின் வந்த காரியத்தைத் தொடங்கும் பழைய மரபை ஒத்தது இது. எங்கள் இணைப்பு மூன்று படிகளையும் பிழையின்றிக் கடந்தது. இரு முனைகளிலும் விளக்குகள் எரிந்தன. ஆனாலும் பள்ளிக் கணினியில் கல்லூரிப் பட்டியல் திறக்கவில்லை.

இவ்விடத்தில் பிங் என்னும் சிறு நிரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் எழுதியது அது. கடலுக்கடியில் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவை அறியும் சோனார் கருவியின் ஓசையையே அதற்குப் பெயராக வைத்தார். ஒரு சிறு பொதியை அனுப்பி "எதிரொலி தா" என்று கேட்பதே அதன் முழு வேலை. பள்ளி ரவுட்டரிலிருந்து கல்லூரி ரவுட்டருக்குப் பிங் அனுப்பினோம். எதிரொலி வந்தது. பள்ளிக் கணினியிலிருந்து கல்லூரிக் கணினிக்கு அனுப்பினோம். ரிக்வெஸ்ட் டைம்டு அவுட் என்று நான்கு வரிகள்.

அந்த நான்கு வரிகளுக்கும், சேருமிடத்தை அடைய இயலவில்லை என்று வரும் மற்றொரு செய்திக்கும் உள்ள வேறுபாட்டை உணர எங்களுக்கு ஓர் இரவு பிடித்தது. அடைய இயலவில்லை என்பது ஒரு பதில். வழியிலிருக்கும் ஏதோ ஒரு கருவி, எனக்கு அந்த ஊர் தெரியாது என்று மறுத்துரைக்கிறது. காலம் கடந்தது என்பது பதிலே இல்லை. பொதி போகவில்லையா, போயும் அங்கே ஆளில்லையா, ஆளிருந்து அனுப்பிய விடை திரும்ப வழியின்றித் தொலைந்ததா, மூன்றும் நமக்கு ஒரே மௌனமாகத்தான் கேட்கும். முதற்பட்டியலை அனுப்பிவிட்டுக் காத்திருந்த தாய்மார்களின் நிலையும் இதுவே. "அனுப்பிட்டீங்களா" என்று அவர்களில் எவரும் எங்களைக் கேட்டதில்லை. "பதில் வந்துச்சா சார்" என்பதே ஒவ்வொரு காலையும் அவர்கள் கேட்ட கேள்வி. இருபத்திரண்டு வயது மாணவர்களைச் சார் என்று அழைத்து அவர்கள் கேட்டபோது கூசிப்போனோம்.

மறுநாள் எங்களில் ஒருவர் கல்லூரிக்குச் சென்று அங்குள்ள மோடத்தின் முன் அமர்ந்தார். வெளிமோடத்தின் முகப்பில் இரண்டு சிறு விளக்குகள் உண்டு. கம்பியிலிருந்து செய்தி வரும்போது ஒன்று சிமிட்டும், கம்பிக்குச் செய்தி போகும்போது மற்றொன்று சிமிட்டும். தொலைபேசிக் கம்பியை மோடமே பிடித்துக்கொண்டிருந்ததால், தலைமையாசிரியரின் கைபேசியில் பேசிக்கொண்டே சோதித்தோம். இங்கிருந்து ஒரு பிங். "வருது" என்றார் அவர். இன்னொன்று. "வருது. ஆனா இங்கேருந்து ஒண்ணும் போகல."

அந்தச் சொற்களே நோயின் இருப்பிடத்தைக் காட்டிவிட்டன. கடற்கரையிலிருந்து கேள்விகள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தன. கல்லூரிக் கணினியும் விடையளித்துக்கொண்டுதான் இருந்தது. அவ்விடையைக் கல்லூரி ரவுட்டர் எங்கே அனுப்புகிறது என்பதுதான் கேள்வி. ரவுட்டர் எதற்கும் முழு வழியும் தெரியாது. இன்ன வலைக்குப் போக வேண்டுமானால் அடுத்த நிலை இது என்னும் ஒரு பட்டியல் மட்டுமே அதனிடம் இருக்கும். பெரிய வலைகளில் ரவுட்டர்கள் அப்பட்டியலை ஒன்றுக்கொன்று சொல்லித் திருத்திக்கொள்ளும். ஆர்.ஐ.பி. என்னும் பழைய முறையில் 30 நொடிக்கு ஒருமுறை இப்படிச் சொல்லிக்கொள்வது வழக்கம். டயல்-அப் இணைப்பில் அதை அனுமதித்தால் அந்த அரட்டைக்காகவே கம்பி நாள் முழுவதும் பிடிபட்டு, தொலைபேசிக் கட்டணம் ஏறிவிடும். ஆகையால் வழிகளைக் கையாலேயே எழுதி வைப்பார்கள். எங்களுக்கு வந்த ரவுட்டரிலும் அப்படி எழுதப்பட்டிருந்தது, அதன் பழைய அலுவலகத்தின் வழிகள். கல்லூரிக் கணினி தந்த ஒவ்வொரு விடையையும் அது, இப்போது இல்லாத ஓர் அலுவலகத்தின் முகவரியை நோக்கி அனுப்பிக்கொண்டிருந்தது.

மருந்து ஒரே வரி. கடற்கரைப் பள்ளியின் வலைக்குச் செல்ல வேண்டியவை இந்தத் தொலைபேசிக் கம்பி வழியே செல்க என்று எழுதி, பழைய வரியை நீக்கச் சொன்னோம். அடுத்த பிங்குக்குக் கால் நொடிக்குள் எதிரொலி வந்தது. கல்லூரிப் பட்டியல் திறந்தது. அதில் எங்களுக்காகப் பேராசிரியர்கள் முதல் நாளே எழுதி வைத்த கேள்விகள் இருந்தன. ஒரு மாணவியின் தந்தை பெயர் இரு பதிவேடுகளில் இருவிதமாக இருக்கிறது, எது சரி என்பது முதற்கேள்வி. அவளைத் தேடிப் போய்க் கேட்டு வந்து விடை எழுதினோம். அன்று மாலை அப்பள்ளியின் திண்ணையில் முதன்முறையாக ஒரு பெண்ணிடம், பதில் வந்துவிட்டதம்மா என்று எங்களால் சொல்ல முடிந்தது. அந்தப் பிள்ளை மார்ச் மாதத் தேர்வை எழுதினாள்.

இணைப்பு என்பதை நாம் எப்போதும் போகும் வழியாகவே எண்ணுகிறோம். கம்பி போட்டாயிற்று, விளக்கு எரிகிறது, மனு சேர்ந்துவிட்டது என்று அமைதி கொள்கிறோம். திரும்பும் வழி தானாக அமைந்துவிடும் என்பது நம் நம்பிக்கை. அது தானாக அமைவதில்லை. தனியே, மறுமுனையில், ஒருவர் அமர்ந்து எழுதினாலொழிய அது கிடையாது.

செய்தி பிறந்த இடத்திலும் இதே குறை நேரலாம் என்பதைப் பின்னாளில் படித்து அறிந்தோம். சுமத்ராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது இந்திய நேரப்படி காலை ஏறத்தாழ ஆறரை மணிக்கு. அடுத்த 15 நிமிடங்களில் ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் நிலநடுக்கம் பற்றிய முதல் அறிக்கையை வெளியிட்டது. அலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரம் இருந்தது. ஆனால் அந்த மையம் பசிபிக் நாடுகளுக்காக அமைந்தது. இந்துமாக்கடல் நாடுகளில் யாரை அழைப்பது என்னும் வழி அதன் பட்டியலில் எழுதப்பட்டிருக்கவில்லை. கருவிகள் அதிர்வை அறிந்திருந்தன, நம் கரையிலும் தொலைபேசிகள் இருந்தன. நடுவே இருக்க வேண்டிய ஒரு வரி இல்லை.

அந்த வரி எழுதப்பட்டிருந்த ஓர் ஊரும் இதே கரையில் இருந்தது. புதுச்சேரிப் பகுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் சிற்றூர் அறிவு மையங்களை நிறுவியிருந்தது. வில்லியனூரை நடுவாகக் கொண்டு, தொலைபேசிக் கம்பியும் வானொலி அலையும் கலந்த வலை அது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்கணிப்பைப் பெற்று, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வழியே மீனவர்களுக்குச் சொல்வது அவ்வலையின் அன்றாடப் பணிகளுள் ஒன்று. 2004 டிசம்பர் 26 காலையில், அம்மையங்களுள் ஒன்று இருந்த நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவரிடமிருந்து தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. ஊரார் மையத்தின் ஒலிபெருக்கியில் அதை அறிவித்தனர், மக்கள் வெளியேறினர். வீடுகளும் படகுகளும் சேதமுற்றன, மக்கள் பிழைத்தனர். அங்கும் செய்தியைக் கொண்டுவந்தது சாதாரணத் தொலைபேசிதான். செய்தி வந்தால் அதை எவரிடம், எதன் வழியே சேர்ப்பது என்பது அவ்வூருக்கு முன்பே பழக்கமாகியிருந்தது. நாட்டுக்கே அப்படியொரு வழி அமைந்தது ஹைதராபாத்தில் 2007 அக்டோபரில் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியபோதுதான்.

இன்று அந்தக் கடற்கரைப் பள்ளிகளில் டயல்-அப் இல்லை. மாணவர்களின் கைபேசிகளே எங்கள் மோடத்தைவிடப் பல நூறு மடங்கு விரைவானவை. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமும் ஆயிற்று. மனுக்களையும் இணையத்திலேயே அளிக்கிறார்கள், அளித்தவுடன் ஒரு பதிவெண் வந்துவிடுகிறது. பதிவெண் வந்ததும் பதில் வந்துவிட்டதாக மகிழும் மாணவர்களை எங்கள் துறையில் அவ்வப்போது காண்கிறோம். அது பள்ளி ரவுட்டருக்குக் கல்லூரி ரவுட்டர் தந்த முதல் எதிரொலி போன்றது. வாசல் வரை வழி இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. உள்ளே இருப்பவருக்கு நம் ஊருக்குத் திரும்பும் வழி எழுதித் தரப்பட்டிருக்கிறதா என்பதைத் தனியே விசாரித்தாக வேண்டும்.

ஆகவே ஆற்றுப்படை நூல்களைக் கற்பிக்கும்போது நாங்கள் இப்போதெல்லாம் வள்ளலின் கொடைச் சிறப்பில் நெடுநேரம் நிற்பதில்லை. வழி சொல்பவன் எத்திசையிலிருந்து வந்துகொண்டிருக்கிறான் என்று கவனிக்குமாறு மாணவர்களிடம் சொல்கிறோம்.